போக்கிமோன் ஃபயர்ரெட்: மொதல்ல எதை எடுக்கிறது? வீட்ல ரெண்டு புள்ளைகளும் சண்டை

கொட்டகலை_டீச்சரம்மா:
வணக்கம். நான் கேம் ஆடுறவ இல்லங்க, அதனால கேள்வி சின்னப்புள்ளத்தனமா இருந்தா பொறுத்துக்கோங்க. என் தம்பி கத்தார்லருந்து லீவுக்கு வந்தப்ப புள்ளைகளுக்குன்னு ஒரு பழைய கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி, மடக்குற மாடல், அதோட போக்கிமோன் ஃபயர்ரெட் கேசட்டும் கொண்டாந்து குடுத்துட்டு அவன் பாட்டுக்கு திரும்பிப் போயிட்டான். மகனுக்கு 11 வயசு, மகளுக்கு 8. கேம் தொடங்குனதும் ஒரு பேராசிரியர் மேசைல மூணு பந்து வச்சிருக்காரு, ஒவ்வொண்ணுக்குள்ளயும் சண்டைக்கு வளக்குற ஒரு குட்டி மிருகம், அதத்தான் போக்கிமோன்ங்கிறாங்க, அதுல ஒண்ணு மட்டுந்தான் எடுக்கலாமாம். பெரியவன் சார்மாண்டர்தான் வேணும்ங்கிறான், நெருப்பு வால்ல எரியுது இல்லையா, அதுக்கு. சின்னவளுக்கு புல்பசோர். கேட்டா "அது பாவம்மா, யாருமே எடுக்க மாட்டாங்க"ங்கிறா. சரி ஆளுக்கொண்ணு தனித்தனியா ஆடுங்கன்னா அந்தக் கேசட்டுல ஒரே ஒரு ஆட்டந்தான் சேவ் பண்ணலாமாம், உண்மையா? இதுக்கு மேல மழையும் விடாம பேஞ்சு ரெண்டும் வெளில போக வழியில்லாம வீட்டுக்குள்ளயே மல்லுக்கட்டுதுங்க. எதை எடுத்தா நல்லது, ஏன்னு யாராவது வெளங்குற மாதிரி சொல்லுங்க, நான் போய் தீர்ப்பு சொல்லிர்றேன்.

ஹட்டன்_சிங்கமலை:
சார்மாண்டர். இதுல கேக்குறதுக்கு என்னா இருக்கு டீச்சர். 36ஆவது லெவல்ல சாரிஸார்ட் ஆகி ரெக்க விரிக்கும் பாருங்க, சின்னவளே வாயப் பொளந்துருவா.

நானுஓயா_ஸ்டேஷன்:
மேல தம்பி சொல்றத அப்பிடியே எடுத்துக்காதீங்க டீச்சர், அவரு 36ஆவது லெவல்ல நடக்குறத சொல்றாரு, புள்ளைங்க நிக்கிறது 5ஆவது லெவல்ல. மொத மூணு ஜிம்முல, அதாவது சண்டைக் கூடத்துல, என்னா நடக்கும்ங்கிறதுதான் கேள்வியே.

விஷயம் இதுதான். தண்ணி நெருப்ப அணைக்கும், நெருப்பு புல்ல எரிக்கும், புல்லு தண்ணிய உறிஞ்சும். மூணு குட்டியும் இந்த மூணு வகை. ஸ்குவர்ட்டில் தண்ணி, சார்மாண்டர் நெருப்பு, புல்பசோர் புல்லு, அதோட கொஞ்சம் விஷமும். இப்ப ஊர் ஊரா ஜிம் தலைவர்கள் இருப்பாங்க, மொத்தம் 8 பேரு. மொத ஆளு புரொக், கல்லு வகை, அவன்கிட்ட 12 லெவல்ல ஒரு ஜியோடியூட், 14 லெவல்ல ஒரு ஓனிக்ஸ். ரெண்டுமே கல்லும் மண்ணும் சேந்தது. புல்பசோர் 10ஆவது லெவல்ல வைன் விப்னு ஒரு அடி படிக்கும், அது கல்லுக்கு ரெண்டு மடங்கு மண்ணுக்கு ரெண்டு மடங்கு, ஆகமொத்தம் நாலு மடங்கு. ஓனிக்ஸ் பாக்கத்தான் மலப்பாம்பு, ஒரு அடி ரெண்டு அடில படுத்துரும். ரெண்டாவது மிஸ்டி, தண்ணி, 21 லெவல் ஸ்டார்மி வச்சிருப்பா, இந்த கேம்ல நெறைய பேரு அழுதது அந்த ஸ்டார்மிகிட்டதான். புல்பசோருக்கு அவளோட தண்ணி அடி பாதிதான் ஏறும், திருப்பி அடிச்சா ரெண்டு மடங்கு. மூணாவது சர்ஜ், கரண்ட் வகை, அதுவும் புல்லுக்கு பாதிதான் ஏறும். அப்ப மூணு ஜிம்மும் ஓடிப்போயிரும். கடேசி ஜிம் ஜியோவானி மண்ணு வகை, அங்கயும் புல்லுக்கு கொண்டாட்டம்.

இன்னொண்ணு இருக்கு, லீச் சீட். 7ஆவது லெவல்லயே வந்துரும். எதிராளி மேல ஒரு விதைய போடும், அது ஒவ்வொரு தடவையும் அவனோட முழு உசுர்ல எட்டுல ஒரு பங்க உறிஞ்சி நம்ம புல்பசோருக்கு குடுத்துக்கிட்டே இருக்கும். மழக்காலத்துல கொழுந்து மலைல ஏறி எறங்குனவங்களுக்கு இது வெளக்கவே தேவல்ல, அட்டை கடிச்ச மாதிரியேதான், கடிச்சது தெரியாது, கீழ பாத்தா ரத்தம் ஓடிருக்கும். புல்லு வகைக்கு மட்டும் அது ஒட்டாது. 8 வயசுப் புள்ளைக்கு இதவிட நல்ல ஆயுதம் கெடையாது, ஏன்னா என்னா அடிக்கிறதுன்னு யோசிச்சிக்கிட்டு இருக்கப்பயே எதிராளி எளச்சிருவான்.

நடுவுல கொஞ்சம் கஷ்டம் வரும், அதையும் சொல்லணும்ல. கோகா விஷ வகை, சப்ரினா மனோசக்தி, பிளேன் நெருப்பு, இந்த மூணு பேருகிட்டயும் வீனசோர், அதாவது புல்பசோர் முழுசா வளந்த உருவம், திணறும். ஆனா அதுக்குள்ள கைல ஆறு போக்கிமோன் சேந்துரும், வேற ஒண்ண முன்னாடி நிப்பாட்டலாம். ஆரம்பத்துல அப்பிடி ஏலாது, கைல இருக்கதே ஒண்ணு ரெண்டு.

மஸ்கெலியா_மச்சான்:
நானுஓயா அண்ணே கணக்கு சரிதான், நான் எதுத்து பேசல. ஆனா ஒண்ண விட்டுட்டாரு. புல்லு வகையும் தண்ணி வகையும் வழில கொட்டிக் கெடக்கு. நெருப்பு கெடைக்காது. ஃபயர்ரெட்ல மிஸ்டி ஊரு தாண்டி மேல போனதும் ஆடிஷ் புடிக்கலாம், புல்லு தீந்துச்சு. தண்ணிக்கு மவுண்ட் மூன் கிட்ட ஒரு ஆளு 500க்கு மெஜிகார்ப் விப்பான் (அது சும்மா துள்ளுமே தவிர வேற ஒண்ணும் செய்யாது, ஆனா 20ஆவது லெவல்ல கியாரடோஸ் ஆகும், பொறுமை இருந்தா), அப்பறம் சில்ஃப் கம்பனி கட்டடத்துல ஒரு ஆளு லாப்ராஸ் சும்மாவே குடுப்பாரு. நெருப்பு வேணும்னா? க்ரோலித்துக்காக 7ஆவது 8ஆவது ரூட் வரைக்கும் போகணும். அது வரைக்கும் சார்மாண்டர் எடுக்காதவங்க கைல நெருப்பே இல்ல. அப்ப எது அரிதோ அதத்தானே மொதல்ல எடுத்து வைக்கணும், சந்தைல எப்பவும் கெடைக்கிறத பொறவு வாங்கிக்கலாம்ல.

புரொக்குக்கு பயந்து சார்மாண்டர விடுறதெல்லாம் பழைய கதை. 1996ல வந்த மொத கேம்ல அது உண்மை, அப்ப சார்மாண்டர் கைல கல்லுக்கு எதுரா ஒண்ணுமே இல்ல. 2004ல வந்த ஃபயர்ரெட்ல 13ஆவது லெவல்ல மெட்டல் க்ளோ குடுத்துட்டாங்க, இரும்பு நகம், கல்ல கீறும். அதுக்கும் மேல உதவி வேணும்னா விரிடியன் ஊருக்கு மேக்கால 22ஆவது ரூட்ல மேங்கி திரியும், குரங்கு மாதிரி ஒண்ணு, அதப் புடிச்சா லோ கிக்குல ஓனிக்ஸோட கத முடிஞ்சுது. ஓனிக்ஸ் எவ்வளவு கனமோ அந்த அடி அவ்வளவு பலமா ஏறும், அதுதான் அதுல அழகே.

நான் சொல்றது, கஷ்டப்பட்டு வளத்தாத்தான் அது மேல பாசம் வரும். லேசா கெடச்சது லேசா போயிரும்.

நானுஓயா_ஸ்டேஷன்:
மச்சான் மெட்டல் க்ளோ எந்தக் கணக்குல ஏறுதுன்னு பாத்தியா? இந்தக் காலத்து கேம்ல இரும்பு வகை எல்லாமே உடம்பால அடிக்கிற கணக்கு. ஓனிக்ஸோட உடம்புக் காப்பு 160, மத்த காப்பு வெறும் 45. நீ போய் அந்த 160லதான் நகத்தப் போட்டு சொரண்டுற. வைன் விப் போறது 45 பக்கமா. அதனாலதான் ஒரே அடி.
பாசம் கீசம்னு பேசினா நான் வரல, அது உங்க மஸ்கெலியா ஆளுங்க சமாச்சாரம்.

மஸ்கெலியா_மச்சான்:
ஹாஹா சரி சரி. ஆனா 13 லெவல் வரைக்கும் வளத்துக் கொண்டு போனா கீறியே சாகடிக்கலாம், புள்ளைகளுக்கு மழைல வேற என்னா வேல.

பண்டாரவளை_தங்கச்சி:
ரெண்டு அண்ணன்மாரும் ஸ்குவர்ட்டில்ல சீண்டவே இல்ல பாத்தீங்களா. எப்பவும் இப்பிடித்தான். அது புரொக்க அடிக்கும், பிளேன அடிக்கும், ஜியோவானிய அடிக்கும், கடேசில எலீட் ஃபோர்னு வர்ற நாலு பெரிய ஆளுங்கள்ல லொரலேயோட ஐஸ் அடிய தாங்கும். புல்பசோர் மாதிரி பாதில திணறவும் திணறாது, சார்மாண்டர் மாதிரி ஆரம்பத்துல அழவும் அழாது. கடல் தாண்ட சர்ஃப் வேணும், அதையும் அதுக்கே படிச்சுக் குடுத்துரலாம். ரெண்டு புள்ளைகளும் சண்ட புடிக்கிறப்ப மூணாவத எடுத்தா யாரும் செயிக்கல யாரும் தோக்கல. டீச்சர் ஸ்கூல்ல இப்பிடித்தானே செய்வீங்க?

ஹட்டன்_சிங்கமலை:
அப்பிடி செஞ்சா ரெண்டு பேரும் சேந்து அழுவாங்க அக்கா.

கொட்டகலை_டீச்சரம்மா:
அதுதான் நடந்துச்சு. ஸ்குவர்ட்டில்னு சொல்லிப் பாத்தேன், ரெண்டும் ஒண்ணு சேந்து என் மேல பாஞ்சிருச்சுங்க. ஒத்துமைக்கு அது ஒரு வழிதான் போல.
எல்லாருக்கும் நன்றி, இப்பிடி வெளக்கமா எழுதுவீங்கன்னு நெனக்கவே இல்ல. நானுஓயா சார் எழுதுனத மகளுக்கு வாசிச்சுக் காட்டினேன், அட்டை கத வந்ததும் அவ ஆடிப்போயிட்டா, சந்தோசத்துல. மகன் மொகம் தொங்கிப் போச்சு. இன்னும் ரெண்டு கேள்வி இருக்கு. ஒண்ணு, அந்த சேவ் விஷயம் உண்மைதானா. ரெண்டு, எங்க பக்கத்து வீட்டு பையன் சொல்றான் பழைய கேசட்டுல உள்ள பெட்டரி செத்துட்டா ஆடுனதெல்லாம் அழிஞ்சிருமாம். அப்பிடி ஆச்சுன்னா ரெண்டையும் என்னால சமாளிக்க ஏலாது.

தலவாக்கலை_ரிப்பேர்:
டீச்சர் இது என் ஏரியா, நான் சொல்றேன். ஒரு கேசட்டுக்கு ஒரு சேவ், அது உண்மை. புதுசா ஆரம்பிச்சு சேவ் பண்ணினா பழசு போயிரும், அதுக்கு முன்னாடி ஒரு தடவ எச்சரிக்கும், புள்ளைங்க வாசிக்காம ஏ பட்டன அமுக்கிக்கிட்டே போவாங்க. நியூ கேம் பக்கம் போகக் கூடாதுன்னு இப்பவே சொல்லி வைங்க.

பெட்டரி விஷயம் அந்தப் பையன் பாதி சரி. 90கள்ல வந்த கேம்பாய் போக்கிமோன் கேசட்டு எல்லாத்துலயும் சேவ் நிக்கிறதுக்கு உள்ள பட்டன் பெட்டரி வேணும், அது செத்தா ஆட்டமும் செத்துச்சு. ரூபி, சஃபையர், எமரால்டுலயும் பெட்டரி இருக்கு ஆனா அது மணிக்கூட்டுக்கு மட்டும், செத்தாலும் சேவ் போகாது. ஃபயர்ரெட்ல மணிக்கூடே இல்ல, அதனால பெட்டரியும் இல்ல. ஒரிஜினல் கேசட்டா இருந்தா நீங்க பயப்பட ஒண்ணுமில்ல.

ஒரிஜினலாங்கிறதுதான் பாக்கணும். இப்ப வெளில கெடைக்கிறதுல நெறைய போலி, என்கிட்ட ரிப்பேருக்கு வர்றதுலயும் அதே நெலமதான், எங்க வாங்கினதுன்னு கேட்டா தலைய சொறிவாங்க. லேபிள சாய்ச்சு வெளிச்சத்துல பாருங்க, வலது பக்கம் ரெண்டு இலக்கம், சில நேரம் எழுத்தும் சேந்து, லேசா அமுங்கி இருக்கும், மையில அச்சடிச்சது இல்ல, அமுக்கினது. கீழ தங்கக் கலர் காலுக்கு மேல உள்ள பச்ச போர்டுல சின்னதா நின்டெண்டோ பேரு தெரியணும். இல்லைன்னா போலி, அதுல எப்ப சேவ் போகும்னு சொல்ல ஏலாது.

சார்ஜரையும் பாத்துக்கோங்க. கத்தார்ல வாங்கினதுன்னா நம்ம கரண்டுக்கு சரியா வரும், ஜப்பான் மாடல்னா அது 100 வோல்ட்டுக்கு செஞ்சது, நம்ம 230ல சொருகினா புஸ்ஸுன்னு போயிரும். ஃபுல் சார்ஜ்ல லைட்டு போட்டு ஆடினா ஒரு 10 மணித்தியாலம், லைட்ட அணச்சா 18 வரைக்கும்னு புதுசுல கணக்கு. பழைய பெட்டரில அவ்வளவு நிக்காது. கரண்ட் போற நாள்ல லைட்ட அணச்சு ஜன்னல் பக்கம் ஒக்கார சொல்லுங்க. இயர்ஃபோன் ஓட்ட கெடையாது அதுல, தனி வயர் வேணும், அதனால பாட்டு சத்தத்த நீங்களும் கேட்டுத்தான் ஆகணும், பக்கத்துல ஒரு சின்ன சுவிட்ச் இருக்கு, கீழ எறக்கி விட்றுங்க.

ஊவா_காத்து:
எல்லாரும் எழுதுனத வாசிச்சேன், ஒருத்தரும் எதிராளிய பத்தி பேசல. ஆட்டம் பூரா நம்மகூட போட்டி போடுற ஒரு பயல் இருக்கான், நீங்க எதை எடுக்குறீங்களோ அதுக்கு எதுரா உள்ளத அவன் எடுப்பான். நீங்க புல்பசோர் எடுத்தா அவன் சார்மாண்டர். நீங்க சார்மாண்டர்னா அவன் ஸ்குவர்ட்டில். அப்ப டீச்சர் மகள் புல்பசோர் எடுத்தா, ஆட்டம் பூரா ஒரு சார்மாண்டர் வளந்துக்கிட்டே வரும், கடேசில சாம்பியனா நிக்கிறப்ப அது சாரிஸார்ட்.

அந்த எதிராளிக்கு பேரு வைக்கிறது நாமதான்! ஆட்டம் தொடங்குறப்ப பேராசிரியர் ஓக் கேப்பாரு. ஆடுறவ பேரு மகளோடது, எதிராளி பேரு மகனோடது. அவன் சார்மாண்டர் அவனுக்கு கெடச்சிருச்சு, அதுவும் தங்கச்சிக்கு எதுரா. மூணு பந்து வரைக்கும்தானே போயிருக்கீங்க, திரும்ப மொதல்லருந்து ஆரம்பிச்சா ஒண்ணும் நட்டமில்ல. மொத சண்ட அந்த அறைலயே நடக்கும், ரெண்டும் 5ஆவது லெவல், நெருப்பு புல்லுன்னு ஒண்ணும் அப்ப கெடையாது, மோதுறதும் பிறாண்டுறதும்தான், யாரு வேணாலும் செயிக்கலாம். தோத்தாலும் கதை நிக்காது.

ஹட்டன்_சிங்கமலை:
அண்ணே நீங்க அரசியலுக்கு போகணும்.

மஸ்கெலியா_மச்சான்:
இது நல்லாத்தான் இருக்கு, ஆனா பெரியவன் வெறும் பேர வச்சுக்கிட்டு என்னா செய்வான், சண்ட வர்றப்ப மட்டும் எட்டிப் பாக்கணுமா? ஆறு எடத்துல மூணு அவனுக்கு குடுங்க. மொத போக்கிமோன் தங்கச்சிது, ரெண்டாவது இவன் புடிக்கிறான், அப்பிடியே மாறி மாறி. அவனவன் புடிச்சதுக்கு அவனவன் பேரு வைக்கணும், ஜிம்முல யாரோடது முன்னுக்கு போகுதோ அவங்க கைல மெசின். அடி அடியா எல்லாருக்கும் லெவல் ஏத்தணும்னா பொறவு எக்ஸ்பி ஷேர்னு ஒரு சாமான் இருக்கு, 50 வகை புடிச்சு வச்சிருந்தா 15ஆவது ரூட்ல ஓக்கோட ஆளு குடுப்பாரு, அது வரைக்கும் சண்ட வரும், வரட்டும்.

பண்டாரவளை_தங்கச்சி:
பெரியவனுக்கு பிகாச்சு புடிச்சுக் குடுங்க. விரிடியன் காட்டுல இருக்கு, லேசுல வராது, நூறு தடவ புல்லுல மோதினா அஞ்சு தடவ வர்ற கணக்கு. புரொக்குகிட்ட அது சுத்த வேஸ்ட், மண்ணு வகைக்கு கரண்ட் ஏறவே ஏறாது. ஆனா மிஸ்டிகிட்ட போனா அண்ணனும் தங்கச்சியும் சேந்து ஸ்டார்மிய ஒரு கை பாக்கலாம்.

நானுஓயா_ஸ்டேஷன்:
ரொம்ப தூரத்து விஷயம்தான் இருந்தாலும் சொல்லி வைக்கிறேன், பொறவு என்ன திட்டக் கூடாது. மொதல்ல எதை எடுத்தோமோ அத வச்சுத்தான் ஆட்டம் முடிஞ்ச பொறகு ஊர் சுத்துற பெரிய மிருகம் எதுன்னு முடிவாகும். புல்பசோர்னா என்டேய், ஸ்குவர்ட்டில்னா ராய்க்கோ, சார்மாண்டர்னா சூய்க்கூன். இதுல என்டேய்க்கும் ராய்க்கோவுக்கும் ரோர்னு ஒரு கத்து இருக்கு, அது கத்தி சண்டைய முடிச்சா இந்த கேம்ல திரும்ப வரவே வராது, கேம் எழுதுனவங்க விட்ட ஓட்ட. சூய்க்கூனுக்கு அந்தக் கத்து இல்ல. இந்த ஒரு எடத்துல மஸ்கெலியாக்காரர் கட்சி செயிக்குது, ஒத்துக்கிறேன். புல்பசோர் எடுத்தா மாஸ்டர் பால, அதாவது எதையும் தப்பாம புடிக்கிற பந்த, பத்திரமா வச்சிருந்து என்டேய் வந்ததும் மொத வேலையா எறிங்க.

மஸ்கெலியா_மச்சான்:
இத ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வச்சிருக்கேன்.

கொட்டகலை_டீச்சரம்மா:
ஊவா காத்து சொன்னதுதான் எடுபட்டுச்சு. "நான்தான் வில்லனா"ன்னு கேட்டுட்டு மகன் உடனே சரின்னுட்டான், சாம்பியன்ங்கிற சொல்லு அவனுக்கு போதும். ஆனா பேரு வைக்கிற எடத்துல அடுத்த பிரச்சன, ஏழு எழுத்துக்கு மேல போக மாட்டேங்குது, அவன் பேரு இங்கிலீஸ்ல ஒம்பது. நம்ம புள்ளைகளுக்கு யாருதான் சின்ன பேரு வச்சாங்க. கடேசில வீட்ல கூப்புடுற பேர போட்டுட்டோம்.
கேசட்டு லேபிள்ல 22ன்னு அமுங்கி இருக்கு, அப்ப ஒரிஜினல்தானே? இப்ப மக வந்து நிக்கிறா, புல்பசோர் பொண்ணா இருக்கணுமாம், எடுத்துப் பாத்தா ஆண் அடையாளம்.

தலவாக்கலை_ரிப்பேர்:
22 நல்ல சகுனம், போர்டுல பேரும் இருந்தா ஒரிஜினல்தான்.
பொண்ணு கெடைக்கிறது கஷ்டம் டீச்சர், மூணு குட்டியுமே எட்டுக்கு ஒண்ணுதான் பொண்ணு. பந்த எடுக்குறதுக்கு முன்னாடி மேசை கிட்ட நின்னு சேவ் பண்ணிட்டு எடுத்துப் பாக்க சொல்லுங்க, ஆணா வந்தா அணச்சுட்டு திரும்ப போடணும். எடுத்த பொறகு சேவ் பண்ணிட்டா மாத்த ஏலாது, பண்ணிட்டீங்களா?

கொட்டகலை_டீச்சரம்மா:
இல்ல, அண்ணன்காரன் அணச்சுட்டான். இப்ப ரெண்டும் சேந்து பொண்ணு வர்ற வரைக்கும் அணச்சு அணச்சு போடுதுங்க. அதுக்கு பெட்டரி ஒண்ணும் கெட்டுப் போகாதே?

தலவாக்கலை_ரிப்பேர்:
போகாது. சுவிட்ச மட்டும் மெதுவா தள்ள சொல்லுங்க.

ஹட்டன்_சிங்கமலை:
பொண்ணு கெடச்சதும் ஓக்கோட பார்சல மறக்காம விரிடியன் கடைலருந்து எடுத்துக் குடுக்க சொல்லுங்க டீச்சர், அதக் குடுத்தாத்தான் 5 பந்து தருவாரு. அந்த 5லயும் காட்டுக்குள்ள புழுவ புடிச்சுட்டு வந்தா பெரியவனுக்கு பிகாச்சு இல்ல. கடைல பந்து ஒண்ணு 200.